மண்டபத்து பார்க்கிங்கைச் செடி வைத்து மறைக்கணுமா? பிளான் போடும்போதே இடம் விடுங்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் கல்யாண மண்டபமோ ஹோட்டலோ கட்டுகிறவர்கள் வாசல் வளைவுக்குச் செலவழிப்பார்கள். முன்னால் இருக்கும் பார்க்கிங் மட்டும் வெறும் பேவர் பிளாக் பொட்டலாகக் காயும். ரோட்டுக்கும் வண்டி நிற்கும் இடத்துக்கும் நடுவே செடிவேலி வைப்பதைப் பல அமெரிக்க ஊர்கள் விதியாகவே எழுதியிருக்கின்றன. சாக்ரமெண்டோ நகரம் 1983லேயே, 15 ஆண்டுக்குள் பார்க்கிங் பரப்பில் பாதிக்கு மரநிழல் விழவேண்டும் என்றது. நம் வெயிலுக்கு அது இன்னும் பொருந்தும்.

இங்கே செல்லுபடியாவது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. பார்க்கிங் என்றால் அது முதலில் கேட்பது எத்தனை வண்டி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு இடம் என்பதைத்தான். ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். செடி, மரம் வைக்கும் முறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016ன் 10ஆம் பகுதியைப் பார்க்கலாம். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். 80 சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு மரம் என்ற கணக்கு அங்கே வரும். நம் மண்டபங்கள் அந்த அளவுக்குப் போவது அபூர்வம்.

சிக்கல் வருவது அந்த 2.5 x 5 மீட்டர் கார் அளவில்தான். பத்து கார் வரிசையாக நிற்க 25 மீட்டர் முகப்பு போகும். பிளான் அனுமதி வாங்கிய பிறகு அழகுக்காக முன்னால் ஒரு மீட்டர் பாத்தி கட்டினால் 5 மீட்டர் 4 ஆகிவிடும். அந்தப் பத்தும் பார்க்கிங் கணக்கில் நிற்காது, நிறைவுச் சான்றிதழுக்கு ஆய்வு வரும்போது மாட்டும். ஆகவே பாத்தியை முதல் வரைபடத்திலேயே பார்க்கிங் அளவுக்கு வெளியே தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

வேலி உயரம் மூன்றடி போதும். ஹெட்லைட் கூச்சம் ரோட்டுக்குப் போகாது, பம்பர் தெரியாது, காரில் உட்கார்ந்திருப்பவர் கண் மட்டமோ அதற்கு மேலே இருக்கும். கேட்டின் இரு பக்கமும் மட்டும் முழங்காலுக்குக் கீழே வெட்டி வையுங்கள். வெளியே வரும் டிரைவருக்கு டூ வீலர் தெரியணும். டயர் முட்டி நிற்கும் தடுப்புக் கல்லைத் தாண்டி பம்பர் இரண்டடி நீளும் என்பதால் செடியை அதற்கும் பின்னால் நடவேண்டும். பாத்தியைத் தரையைவிடத் தாழ்த்தி, கல்லில் அங்கங்கே இடைவெளி விட்டால் மழைத்தண்ணீர் அதற்குள்ளேயே இறங்கும். மேடாகக் கட்டி, பிறகு டேங்கர் தண்ணீர் ஊற்றுவதுதான் இங்கே வழக்கம், ஏனென்றுதான் புரியவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான 3.6 மீட்டர் அகல பார்க்கிங் இடத்திலிருந்து வாசலுக்குப் போகும் வழியில் செடி குறுக்கிடக் கூடாது. 18.30 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட கட்டடமாக இருந்தால் தீயணைப்பு வண்டி சுற்றிவரும் பாதையிலும் பாத்தி வேண்டாம்.

செம்மண்ணுக்கு நொச்சி, ஆடாதோடை நன்றாக வரும், ஆடும் வாய் வைக்காது. நிழலுக்குப் புங்கை, வேம்பு. சீக்கிரம் அடர்த்தியாகும் என்று நர்சரியில் கோனோகார்பஸ் கொடுத்தால் வாங்காதீர்கள். 2025ல் தமிழ்நாடு அரசு அதை நடுவதற்குத் தடை போட்டுவிட்டது.