சாவிக்கொத்தைத் தேடாதீர்கள்

பள்ளிகளுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுக்கப் போகும்போது ஆசிரியர்களிடம் முதலில் ஒன்று கேட்பேன்: "பிரேயரில் ஒரு பையன் பொத்தென்று விழுகிறான். என்ன செய்வீர்கள்?" போகிற இடமெல்லாம் கிட்டத்தட்ட ஒரே பதில். முகத்தில் தண்ணீர் தெளிப்போம், சோடா வாங்கி வரச் சொல்வோம், கை கால் வெட்டினால் சாவிக்கொத்தைக் கையில் திணிப்போம்.

வெயிலில் நின்று மயங்கும் பிள்ளை, படுக்க வைத்தாலே சற்று நேரத்தில் கண்விழித்துவிடும். பெயர் தண்ணீருக்கும் சோடாவுக்கும் போய்விடுகிறது. ஆனால் இதயம் நின்று விழும் பிள்ளையும் முதல் பார்வைக்கு அப்படியேதான் தெரியும். மூளைக்கு ரத்தம் போகாததால் சில நொடிகள் கை கால் வெட்டலாம். பார்ப்பவர் வலிப்பு என்பார். அதைவிட ஏமாற்றுவது மூச்சு. விட்டு விட்டு, கரையில் போட்ட மீன் வாய் திறப்பதுபோல ஓர் இழுப்பு, சில சமயம் குறட்டைச் சத்தம். "மூச்சு இருக்கு சார்" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது மூச்சுக் கணக்கில் சேராது. தட்டிக் கூப்பிட்டும் அசையவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். நாடி பார்த்து நேரத்தை விடாதீர்கள்; பதற்றத்தில் எங்களுக்கே அது தப்பும்.

நடு நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். சின்னப் பிள்ளைக்கு ஒரு கையே போதும். பயிற்சி உள்ளவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 முறை வாய்வழி மூச்சு கொடுக்கலாம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், கை தளர்ந்துவிடும். இன்னொருவர் 108-ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் போடட்டும். ஹெச்.எம்.மிடம் கேட்டுவிட்டு, பெற்றோருக்குச் சொல்லிவிட்டு என்று வரிசை வைக்கக் கூடாது. எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடும்.

ஒரு பள்ளியில் ஏ.இ.டி. கருவியே வாங்கி வைத்திருந்தார்கள். நெஞ்சில் ஒட்டினால் துடிப்பைப் பார்த்து, ஷாக் தேவையா என்று தானே சொல்லும் பெட்டி. கிரிக்கெட் பந்து நெஞ்சில் பட்டு இதயத் துடிப்பு தாறுமாறாகும் பிள்ளைக்கு அதுதான் உயிர். சரி, எங்கே இருக்கிறது என்றேன். ஆபீஸ் பீரோவில். சாவி? கிளார்க்கிடம். அவர் அன்று லீவு.

இப்போது அது மைதானத்தை ஒட்டிய வராந்தாவில், பூட்டில்லாமல் தொங்குகிறது. பி.டி. சாரோடு வேன் டிரைவருக்கும் ஆயாவுக்கும் பயிற்சி கொடுத்தாயிற்று. பெட்டியின் விளக்கு பச்சையாக எரிகிறதா என்று தினமும் பார்ப்பது வாட்ச்மேன் அண்ணனின் வேலை.