காட்பாடி ரயில் பாதையும் சென்னைத் துறைமுகமும்: கதி சக்தி சரக்கு முனையத் திட்டத்தில் நமக்கு என்ன இருக்கிறது?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி வாசலில் 40 அடி கன்டெய்னரில் அட்டைப் பெட்டிகளை அடுக்கி, கதவைச் சாத்தி, எலக்ட்ரானிக் சீல் போடுகிறார்கள். டிரெய்லர் பள்ளிகொண்டா, வாலாஜா டோல்களைத் தாண்டிச் சென்னைத் துறைமுகம் போகிறது. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஏற்றிய கன்டெய்னர்களோ ரயிலில் ஆம்பூர், காட்பாடியைக் கடந்து அதே துறைமுகத்துக்குப் போகின்றன. தண்டவாளம் நம் வாசலில்தான் இருக்கிறது. நம் சரக்கை ஒன்றுசேர்த்து ஏற்றுகிற இடம்தான் வேண்டும்.

அதற்கு வழிசெய்யும் கதி சக்தி சரக்கு முனையக் கொள்கையை ரயில்வே 2021 டிசம்பரில் கொண்டுவந்தது. அதன்படி தனியார் நிறுவனம் ஒன்று தன் சொந்த நிலத்திலோ ரயில்வே நிலத்திலோ சரக்கு முனையம் கட்டலாம். சொந்த நிலமென்றால் இடத்தை அவர்களே தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க வேண்டும். ரயில்வே நிலமென்றால் டெண்டர். திட்டத்தைச் சரிபார்க்கவும் மேற்பார்க்கவும் ரயில்வே துறை வாங்கும் கட்டணம் கிடையாது. இணைப்புப் பாதை போகும் ரயில்வே நிலத்துக்கு வாடகை இல்லை. முனையத்தில் இருக்கும் ரயில்வே வணிகப் பிரிவு ஊழியர்களின் சம்பளத்தையும் கேட்க மாட்டார்கள். ஏற்கெனவே சைடிங் (ஆலைக்கென்று தனியாகப் பிரியும் ரயில் பாதை) வைத்திருக்கும் ஆலைகளும் இந்தக் கொள்கைக்கு மாறிக்கொள்ளலாம்.

ரயில்வே நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பதும் எளிதாகியிருக்கிறது. முன்பு நிலத்தின் சந்தை மதிப்பில் ஆண்டுக்கு 6 சதவீதம் கட்ட வேண்டும். 2022 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை அதை 1.5 சதவீதமாகக் குறைத்து, குத்தகைக் காலத்தையும் 35 ஆண்டுகள் வரை நீட்டியது. ஐந்தாண்டில் 300 முனையங்கள் என்பது அப்போது சொன்ன இலக்கு.

சரி, சலுகை இவ்வளவு இருந்தும் ஏன் லாரிதான் ஓடுகிறது? தூரம்தான் காரணம். காட்பாடியிலிருந்து சென்னைக்குச் சுமார் 130 கி.மீ. லாரியில் ஏற்றினால் நேரே துறைமுகத்தில் இறங்கிவிடும். ரயிலென்றால் கம்பெனியிலிருந்து முனையம் வரை ஒரு லாரி, அப்புறம் கிரேன் கூலி, ரேக் (ஒரு முழு சரக்கு ரயில்) நிரம்பும்வரை காத்திருப்பு. ஒரு கன்டெய்னர் ரேக்கில் 45 வேகன், அதாவது 90 இருபது அடிப் பெட்டிகள். எந்த ஒரு தோல் கம்பெனியும் தனியாக இதை நிரப்ப முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லாம் சேர்ந்து, வாரத்தில் இன்ன நாள் ரயில் என்று நாள் குறித்தால்தான் கட்டுப்படியாகும். சின்ன ஏற்றுமதியாளர்களுக்கு இது கிடைக்க வேண்டுமென்றால் தொழில் சங்கங்கள் முன்னால் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். முனைய அனுமதி கிடைத்தாலே சுங்க அனுமதியும் வந்துவிடாது. ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான சுங்க ஆவணம்) வேலையை இங்கேயே முடிக்க வேண்டுமானால், அந்த இடம் சுங்கச் சட்டத்தின் 7ஆம் பிரிவின் கீழ் உள்நாட்டு கன்டெய்னர் டிப்போவாக அறிவிக்கப்பட வேண்டும். அது தனி விண்ணப்பம், தனி அனுமதி.

திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் 184.27 ஏக்கரில் சரக்குப் பூங்கா ஒன்றுக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு 10.5 கி.மீ. ரயில் இணைப்பும் திட்டத்தில் உண்டு. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்று துறைமுகங்களுக்கும் சரக்குப் பிரித்து அனுப்ப அது உதவும். ஆனால் நம் லாரி அதுவரை போயாக வேண்டும். ஆரணி, ஆற்காடு, ராணிப்பேட்டை வழியான திண்டிவனம்–நகரி புதிய பாதைக்கு 2006-07இல் ஒப்புதல் கிடைத்தது. அது முழுதாக முடிந்தால் செய்யாறு பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் ரயில் கிடைக்கும்.

முனையம் கட்ட நினைப்பவர்கள், இடம் எந்த ரயில்வே கோட்டத்தில் வருகிறது என்பதை முதலில் பாருங்கள். அரக்கோணம்–காட்பாடி–ஆம்பூர் பாதை சென்னைக் கோட்டம். வேலூர் கண்டோன்மென்ட் வழியாக விழுப்புரம் போவது திருச்சிக் கோட்டம். நிலத்தின் வரைபடத்தோடு, எந்தெந்தக் கம்பெனி மாதம் எத்தனை கன்டெய்னர் தரும் என்ற எழுத்துபூர்வ உறுதியையும் கையில் வைத்துக்கொண்டு பேசப் போங்கள்.