பிரீஃப் என்றால் சுருக்கம் இல்லை

‘பாஸ்டன் தீவிபத்துக்குப் பின் ஆளுநர் ஒரு சுருக்கத்தை வெளியிட்டார்.’ ஆங்கில மூலத்தில் ‘பிரீஃப்’ (brief) என்று இருந்ததை ஒரு மொழிபெயர்ப்பில் இப்படிப் போட்டிருக்கிறார்கள். இதே தவறை நான் பார்ப்பது இது மூன்றாவது முறை. ஊர் எரிந்து கிடக்கும்போது அவர் எதைச் சுருக்கினார் என்று வாசிப்பவர் கேட்கமாட்டாரா?

1760 மார்ச் 20 அன்று பாஸ்டனில் 349 கட்டடங்கள் எரிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். அவர்களுக்குப் பொருள் திரட்டித் தரும்படி, அப்போது பிரிட்டிஷ் அரசரின் ஆட்சியில் இருந்த அமெரிக்க மாசச்சூசெட்ஸின் ஆளுநர் தாமஸ் பவுனல் கிறிஸ்தவச் சபைகளுக்கு விடுத்த கடிதம்தான் ‘பிரீஃப்’.

லத்தீனில் ‘பிரெவிஸ்’ என்றால் குறுகியது. அதிலிருந்து வந்த ‘பிரெவே’ கடிதத்தையும் ஆணையோலையையும் குறித்தது. ஜெர்மானியர் இன்றும் கடிதத்தை ‘பிரீஃப்’ என்றே சொல்கிறார்கள். வேர் அவ்வளவுதான். அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிட்டவர்களுக்குத்தான் அது சுருக்கமாகத் தெரிகிறது.

வழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அந்நாளில் தீயில் வீடிழந்தவர்களுக்காகவும் இடிந்த தேவாலயங்களுக்காகவும் அரசர் பெயரில் பிரீஃப் வரும். போதகர் அதை வழிபாட்டில் வாசிப்பார், காணிக்கை பிரிப்பார்கள், சேர்ந்த தொகையை அந்தத் தாளின் பின்புறத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். நேர்ந்த இழப்பு எவ்வளவு, பணத்தைப் பெறும் பொறுப்பாளர்கள் யார் என்று வரி வரியாக நீளும் தாள் அது. அதைப் போய்ச் சுருக்கம் என்பதா!

சரி, ‘நிவாரண வேண்டுகோள்’ என்று போடலாமே என்பார்கள். வேண்டுகோளை யாரும் விடுக்கலாம், நானும் விடுக்கலாம். பிரீஃபுக்கு ஆட்சியின் அதிகாரம் உண்டு. அது இல்லாமல் ஊர் ஊராகப் பணம் திரட்டுகிறவனை யார் நம்புவார்கள்? இன்னொருவர் ‘சுற்றறிக்கை’ என்கிறார். அது விடுமுறை நாளையும் வருகைப் பதிவையும் பற்றி அலுவலகத்தில் ஒட்டுவது. வீடிழந்தவனின் துயரம் அதில் எங்கே இருக்கிறது?

நம்மிடம் ‘திருமுகம்’ இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் அரசனின் கடிதம் திருமுகம். பதினோராம் திருமுறையின் முதலில் உள்ள திருமுகப் பாசுரமும் பாணபத்திரன் என்ற இசைப்பாணனுக்குப் பொருள் கொடுத்து அனுப்பும்படி சேர மன்னன் சேரமான் பெருமாளுக்கு இறைவன் எழுதிய கடிதம்தான். அதிகாரத்தோடு எழுதி, பிறருக்காகப் பொருள் கேட்பது. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? பவுல் எழுதிய கடிதங்களையும் கத்தோலிக்கர் திருமுகம் என்றே வாசிப்பதால், தேவாலயத்தில் படிக்கப்பட்ட இரண்டும் குழம்பாமலிருக்க ‘கொடைத் திருமுகம்’ என்று சேர்த்துச் சொல்லலாம். ஆளுநர் அரசர் இல்லையே என்று கேட்டால், பவுனல் அரசரால் அமர்த்தப்பட்டவர், அந்த அரசர் பெயரால் ஆட்சி செய்தவர்.

ஆகவே ‘ஆளுநர் பவுனல் கொடைத் திருமுகம் விடுத்தார்’ என்று எழுதுங்கள். இடம் போதாவிட்டால் ‘கொடை கேட்டு ஆணையோலை விடுத்தார்’ என்றாவது எழுதுங்கள். அந்தச் ‘சுருக்கம்’ மட்டும் அடுத்த பதிப்பில் இருக்கக் கூடாது.