"தாழ்வு மனப்பான்மை" என்று எழுதி அனுப்பாதீர்கள்

உளவளத்துணை தரும் என்னிடம் போன வாரமும் ஒரு மாணவியைக் கடிதத்தோடு அனுப்பியிருந்தார்கள். "மாணவிக்குத் தாழ்வு மனப்பான்மை. தன்னம்பிக்கை ஊட்டவும்." இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை. ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டுக் கொழும்பில் படிக்கிறாள். (ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஊர் எதுவென்று யாராவது கேட்டால் "கண்டி" என்பாள். விடுதிக்கு வருகிறேன் என்ற அம்மாவை வரவேண்டாம் என்று தடுத்திருக்கிறாள். "அம்மா விரலெல்லாம் கொழுந்துக் கறை மிஸ். பார்த்ததுமே தெரிஞ்சிடும்" என்றாள். அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

உளவளத்துணைக்கு மலையகப் பிள்ளை யார் வந்தாலும் கையில் இதே கடிதம்தான். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். இந்த வெட்கம் அவள் சுபாவத்தில் உள்ள கோளாறு இல்லை. மேடையேற்றிப் பேசவைத்தாலோ, கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று சொல்லவைத்தாலோ போகாது. ஏ.எல். சோதனையை லயன் அறையில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) குப்பி விளக்கில் படித்துத் தேறியவளுக்கு உங்கள் இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை புதிதாக என்ன நம்பிக்கையைக் கொடுத்துவிடும்? அவள் சுமப்பது இன்னொருவர் இறக்கிவைத்த பாரம். அதை அவளுடைய குணம் என்று எழுதிக்கொடுத்தால், இறக்கிவைத்தவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

தன்னிடம் இருப்பதாக ஒப்புக்கொள்ள முடியாததை மனிதன் அடுத்தவன்மேல் ஏற்றிப் பார்ப்பான் என்றார் உளவியலாளர் யுங். அதை 'நிழல்' என்றார். நாடுகளும் இதைச் செய்கின்றன என்பது என் வாசிப்பு. கண்டி மலைநாட்டு நிலத்தை எடுத்துக் கோப்பியும் பிறகு தேயிலையும் போட்டவர்கள் ஆங்கிலேயர். நிலம் இழந்த சிங்கள விவசாயியின் கோபம் துரை பங்களாவை எட்டவில்லை. தோட்ட வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, கண்ணெதிரே நின்ற தமிழ்க் கூலியாள் மேல் விழுந்தது. அடிமைப்பட்டிருந்த அவமானத்தைப் புதிய நாடு தன் முகத்தில் பார்க்க விரும்பவில்லை. சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து, இந்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. மறுவருடம் வாக்கும் போயிற்று. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் வர 2003 ஆகிவிட்டது. சிங்களவரை மட்டும் சொல்லிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. "தோட்டக்காட்டான்" என்று தமிழில்தான் ஏசினோம்.

அந்தப் பார்வை பிள்ளைக்குள் புகுந்து, ஏசுபவரின் கண்ணாலேயே அவள் அம்மாவின் விரலைப் பார்க்கவைக்கிறது. தாத்தாவின் அண்ணன் குடும்பம் கோச்சியேறி (ரயிலேறி), தலைமன்னாரில் கப்பல் பிடித்து இந்தியாவுக்குப் போனதைப் பிறகொரு நாள் சொன்னாள். ஏன் போனார்கள் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் யாரும் பேசியதில்லை. காரணம் தெரியாத வெட்கம் தன் குறையாகத்தான் தோன்றும்.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருந்த ஃபனான் 1956இல் பதவி விலகினார். சொந்த மண்ணிலேயே அந்நியனாக்கப்பட்டவனை அந்தச் சூழலோடு இணங்கிப்போக வைப்பது எப்படி வைத்தியமாகும் என்பதே அவருடைய வாதம். என் தொழிலில் இருப்பவர்கள் அவருடைய பதவி விலகல் கடிதத்தைத் தேடிப் படியுங்கள். குடும்பத்தில் நீரிழிவு உண்டா என்று கேட்கும் நாம், குடியுரிமைப் பத்திரம் எந்த வருடம் கிடைத்தது என்றும் கேட்கவேண்டும்.

ஆசிரியர்களே, வகுப்பு நடுவில் "எந்தத் தோட்டம்? அப்பாவுக்கு என்ன வேலை?" என்று எழுப்பி நிறுத்திக் கேட்காதீர்கள். பதிவேட்டுக்குத் தேவையென்றால் தனியாகக் கேளுங்கள். விடுதிப் பொறுப்பாளர்களே, பட்டப்பெயர் வைப்பதை விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள், அன்றைக்கே நிறுத்துங்கள்.

அம்மா, அப்பாமாரே, உங்களைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். பட்ட கஷ்டத்தைப் பிள்ளையிடமிருந்து மறைக்காதீர்கள். யார் போனார்கள், யார் நின்றார்கள், எந்தக் காகிதத்துக்காக எந்தக் கந்தோரில் காத்துக்கிடந்தீர்கள் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். பழைய பத்திரம் பெட்டியில் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். பிள்ளை தூக்கமில்லாமல், சாப்பிடாமல், இருந்து என்ன பயன் என்று பேச ஆரம்பித்துவிட்டால் மட்டும் கதை சொல்லிக்கொண்டு காத்திருக்கவேண்டாம். 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் அது. அல்லது பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அன்றே கூட்டிப்போங்கள்.