ராப்டோமயோலிசிஸ்: வரித்தசைச் சிதைவு

கோவிட், இன்ஃப்ளூயன்சா போன்ற வைரஸ் தொற்று முற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களின் மருத்துவக் குறிப்பில் சில நேரம் இந்தச் சொல் தென்படும். எலும்புத்தசையின் செல்கள் உடைந்து, உள்ளிருந்த மயோகுளோபின் என்ற தசைப் புரதம், பொட்டாசியம், சிகே (கிரியேட்டின் கைனேஸ்) நொதி எல்லாம் இரத்தத்தில் கலந்துவிடும் நிலை இது.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘ராப்டோஸ்’ என்றால் கோல். நுண்ணோக்கியில் இந்தத் தசை வரிவரியாகத் தெரிவதால் இங்கே வரியைக் குறிக்கிறது. ‘மைஸ்’ தசை, ‘லைசிஸ்’ கரைதல்.

தமிழில் வெறுமனே ‘தசைச் சிதைவு’ என்று எழுதினால் குழப்பம்தான். மரபுவழி வந்து ஆண்டுக்கணக்கில் மெல்ல முற்றும் டிஸ்ட்ரோபிக்கும் அந்தப் பெயர் வழங்குகிறது. நோயாளியின் வீட்டார் அதைக் கேட்டால் வீணாகக் கலங்கிப்போவார்கள். இதுவோ சில நாட்களில் நடந்துவிடுவது. காரணம் நீங்கினால் தசை பெரும்பாலும் தேறிவிடும். படுக்கையில் கிடந்து தசை இளைப்பது வேறு, அது ‘தசை மெலிவு’. ஆகவே ‘வரித்தசைச் சிதைவு’ என்பதே பொருத்தம். இதயத்தசையிலும் வரி உண்டு என்றாலும், இந்தப் பெயர் எலும்புத்தசைக்கு மட்டுமே உரியது.

சிதைவது தசை, ஆபத்து இரத்தத்தில் கலந்த மயோகுளோபினை வடிகட்டும் சிறுநீரகத்துக்கு. 1941இல், லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் நசுங்கி மீட்கப்பட்டவர்கள் பின்னர் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்ற மருத்துவர்கள் விவரித்தார்கள். வைரஸ் நோயாளிக்கு அடிபட்டிருக்காது. நோயெதிர்ப்பின் கொந்தளிப்பு, ஆக்சிஜன் குறைவு, சில மருந்துகள் எனக் காரணங்கள் ஒன்றுகூடலாம்.

விழித்திருப்பவர் தசைவலியைச் சொல்லிவிடுவார். வென்டிலேட்டரில் மயக்கத்தில் இருப்பவரால் முடியாது. அப்போது குழாய் வழியே சிறுநீர் வடிந்து சேரும் பையைத்தான் பார்க்க வேண்டும்: கடும் தேநீர் நிறமா? சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டைச் சோதனை இரத்தம் என்று காட்டியும் நுண்ணோக்கியில் சிவப்பணு இல்லையென்றால் மயோகுளோபினைச் சந்தேகிப்பார்கள். சிகே அளவு இயல்பின் உச்சவரம்பைப் போல 5 மடங்கைத் தாண்டினால் பொதுவாக நோய் உறுதி. பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும்.

சிகிச்சை, இரத்தக் குழாய் வழியே தாராளமாக உப்புநீர். சிக்கலும் அங்கேதான். வைரஸால் புண்பட்ட நுரையீரல் அதிக நீரைத் தாங்காது. சிறுநீரகமோ நீர் கேட்கும். அதனால் சிறுநீர் அளவையும் ஆக்சிஜனையும் மணிக்கு மணி பார்த்தே மருத்துவர்கள் நீரைக் கூட்டிக் குறைக்கிறார்கள். சிறுநீரகம் கைவிட்டால் டயாலிசிஸ் தொடங்குகிறார்கள்.