ஸ்பெக்ட்ரம்: நிறமாலையா, அலைமாலையா?

லத்தீனில் ‘ஸ்பெக்ட்ரம்’ என்றால் தோற்றம், உருவெளி. ‘பார்’ என்று பொருள்படும் வேரில் பிறந்த சொல். ஆங்கிலத்தில் பேயைக் குறிக்கும் ‘ஸ்பெக்டர்’ இதற்கு உடன்பிறப்பு. இருட்டறையில் ஒரு சிறு துளை வழியே வந்த வெயிலை முப்பட்டகத்தில் விழவிட்ட நியூட்டன், வட்டமான ஒளியை எதிர்பார்த்தார். சுவரில் தெரிந்ததோ அகலத்தைப்போல ஐந்து மடங்கு நீண்ட வண்ணப்பட்டை. 1672இல் வெளியான கட்டுரையில் அதற்கு அவர் வைத்த பெயர்தான் இது.

அந்தப் பட்டை ஏன் நீண்டது? எல்லாம் வேகத்தால் வந்த வினை. ஒளியியல் கருவிகளில் பயன்படும் கிரவுன் கண்ணாடிக்குள் சிவப்பு நொடிக்கு ஏறத்தாழ 1,98,000 கி.மீ. போகும், நீலம் 1,97,000 கி.மீ.தான். பின்தங்கும் நீலம் கூடுதலாக வளைகிறது. இதுதான் நிறப்பிரிகை. வெற்றிடத்தில் இந்த வேற்றுமையே கிடையாது. ஒளியைப் போன்ற மின்காந்த அலைகளான வானொலி அலையோ காமா கதிரோ, எல்லாம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர்தான். நிலவுக்கு ரேடியோ அலையை அனுப்பினாலும் லேசரை அனுப்பினாலும் 1.28 நொடியில் போய்ச் சேரும். அலைநீளமும் அதிர்வெண்ணும்தான் மாறுபடும்; இரண்டையும் பெருக்கினால் வருவது அதே எண்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பாடநூல்களில் ‘மின்காந்த நிறமாலை’ என்று படித்திருப்போம். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு ‘நிறமாலை’ அழகாகப் பொருந்துகிறது: நிறங்களை வரிசையாகத் தொடுத்த மாலை. ஆனால் 1800இல் வானியலாளர் ஹெர்ஷல் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து அகச்சிவப்பைக் கண்டார். மறு ஆண்டே ஜெர்மன் அறிவியலாளர் ரிட்டர் ஊதாவுக்கு அப்பால் புற ஊதாவைக் கண்டார். அதற்கு மேல் நிறம் ஏது? எக்ஸ் கதிருக்கு என்ன நிறம் என்று ஒரு பிள்ளை கேட்டால் ஆசிரியர் விழிக்க வேண்டியதுதான். முழு வரிசைக்கும் ‘மின்காந்த அலைமாலை’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இலங்கையில் வழங்கும் ‘திருசியம்’ (காணப்படுவது) வடசொல்தான். ஆனாலும் லத்தீன் பொருளுக்கு அதுவே மிக நெருக்கம்.

அப்புறம், செய்திகளில் வரும் ‘அலைக்கற்றை’. கற்றை என்றால் ஒன்றாகச் சேர்த்த கட்டு. அலைபேசிச் சேவைக்கு ஏலம் விடும் ஒரு துண்டுக்கு அது பொருந்தும். முழு மாலைக்குப் பொருந்தாது.