“போலீஸ் அடிச்சாங்களா?” – ரிமாண்டில் கேட்கப்படும் ஒரு கேள்வி

“குண்டு வெச்சவனுக்கு என்ன சார் மனித உரிமை?” குற்றவியல் வக்கீல் என்று தெரிந்ததும் ஆட்டோக்காரர் முதல் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் வரை இதைத்தான் கேட்கிறார்கள். வைத்தது இவன்தானா என்று தெரியாத நேரத்தில்தான் அடி விழுகிறது. வலி தாங்காதவன் யார் பெயரையும் சொல்வான். போலீஸ் அந்தப் பெயரைத் துரத்தும். நிஜ ஆள் தப்பிவிடுவான்.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் பொதுவாகக் கோர்ட்டில் செல்லாது. பழைய தீவிரவாதத் தடுப்புச் சட்டங்களான தடாவும் பொடாவும் எஸ்.பி. பதிவு செய்தால் செல்லும் என்றன. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998-ல் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. தடா குற்றம் நிற்காது என்றது. தடாப்படி எடுத்த வாக்குமூலங்கள் மட்டும் நின்றன! எனக்கு இன்றுவரை ஜீரணமாகாத தீர்ப்பு அது.

இன்றைய தீவிரவாதத் தடுப்புச் சட்டமான உபாவில் (UAPA) அந்தப் பிரிவு இல்லை. ஆனால் போலீஸ் காவல் 30 நாள் வரை போகலாம், குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை அவகாசம் வாங்கலாம், ஜாமீன் குதிரைக்கொம்பு. அதனால் முதல் ரிமாண்ட், அதாவது கைதானவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்திக் காவலில் வைக்க உத்தரவு வாங்குவது, மிக முக்கியம்.

அங்கே நடப்பதைப் பாருங்கள். கூட்டி வந்த போலீஸ்காரர் பின்னால் நிற்க, மாஜிஸ்திரேட் “போலீஸ் அடிச்சாங்களா?” என்பார். திரும்ப அதே ஆட்களோடுதான் போக வேண்டும் என்று தெரிந்தவன் “இல்லைங்கய்யா” என்பான். அது பதிவாகிவிடும். போலீஸாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கும்படி வக்கீல் கோர வேண்டும். காயம் இருந்தால் சட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் டாக்டர் தரும் சான்றுச் சீட்டு. “பாத்ரூமில் வழுக்கி விழுந்து” மாவுக்கட்டோடு வருகிறவர்களை நாம் பேப்பரில் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறோம். சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்டு 2020-ல் செத்த தந்தையும் மகனும் தீவிரவாதிகள் அல்ல, செல்போன் கடைக்காரர்கள். அவர்களுக்கும் டாக்டர் சான்று இருந்தது, ரிமாண்டும் ஆனது.

காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1996 டி.கே. பாசு தீர்ப்பு. உபா வழக்கில் கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். சம்மதமில்லாமல் உண்மை கண்டறியும் சோதனை கூடாது என்பது அதே நீதிமன்றத்தின் 2010 செல்வி வழக்குத் தீர்ப்பு. போலீஸ் காவலை நீட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஆளை நேரில் கொண்டுவர வேண்டும், வீடியோவில் காட்டினால் போதாது.

சிசிடிவியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஸ்டேஷன்களில் மட்டுமல்ல, தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. அலுவலகத்திலும் கேமரா வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 டிசம்பர் உத்தரவு. பதிவைப் பாதுகாக்கக் கோரும் மனுவை முதல் ரிமாண்டிலேயே போட்டுவிடுங்கள். குற்றப்பத்திரிகை வந்த பிறகு கேட்டால் “கேமரா பழுது” என்பார்கள்.